கொத்மலைப் பள்ளத்தாக்கின் வானொலி

கண்டியிலிருந்து நுவரெலியா போகும் பஸ் புசல்லாவையைத் தாண்டியதும், "வலப்பக்கம் பாருங்க தம்பி" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். தேயிலைச் சரிவுகளுக்குக் கீழே கொத்மலை நீர்த்தேக்கம் நீலமாக விரிந்து கிடந்தது. என் கண் அங்கே இருந்தாலும் காது டிரைவரின் ரேடியோவில்தான் இருந்தது. ஒரு வளைவில் பாட்டு கணீரென்று கேட்கும். அடுத்த வளைவில் வெறும் இரைச்சல். எஃப்.எம். அலை நேர்கோட்டில் போவது. குறுக்கே மலை நின்றால் அதோடு சரி. கொழும்பிலிருந்து எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் ஏதோ ஒரு மடிப்பில் இருப்பவருக்குக் கேட்காது. அந்த மடிப்புகளுக்கு நடுவிலேயே ஒரு வானொலி பிறந்த கதை என்னை இங்கே இழுத்து வந்தது.

இராமநாதபுரத்துக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இலங்கை வானொலி வீட்டு ஆள் மாதிரி. அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரல்களைக் கேட்டே தமிழ் பேசப் பழகியவர்கள் நாங்கள். கொழும்பில் முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 அன்று தொடங்கியது. அதற்குச் சரியாகப் பதினெட்டு நாள் முன்னால், நவம்பர் 28 இரவு, அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் டபிள்யூ.எஸ்.எம். நிலையம் ஜிம்மி தாம்சன் என்ற 77 வயதுக் கிராமத்து பிடில்காரரை ஒலிவாங்கி முன் உட்கார வைத்தது. 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்று பின்னால் பெயர்பெற்ற அந்த நிகழ்ச்சி, குடியானவர் வீட்டுப் பாட்டை ஒரு தேசத்தின் பாட்டாக்கியது.

இலங்கை மலையகத் தோட்டங்களிலும் அப்படி ஒரு பாட்டுச் செல்வம் இருந்தது. 1820களிலிருந்து திருச்சி, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துச் சனங்கள் கடல் கடந்து, காடு நடந்து இங்கே வந்தார்கள். கூடவே தெம்மாங்கு, தாலாட்டு, ஒப்பாரி, தப்பு, காமன் கூத்து எல்லாம் வந்தன. கங்காணியின் கொடுமையும் கொழுந்து நிறுக்கும் தராசும் அந்தப் பாட்டுகளுக்குள் புகுந்துகொண்டன. வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான சி.வி. வேலுப்பிள்ளை அவற்றைத் திரட்டி 'மாமன் மகனே' என்ற தொகுப்பாக்கினார். பாட்டு புத்தகம் ஏறிவிட்டது. தொழிலாளர் வாழும் லயத்து வீடுகளின் ரேடியோவில் ஒலித்ததோ பெரும்பாலும் சினிமாப் பாட்டு.

கொத்மலை வானொலியின் வேர் 1981இல் இருக்கிறது. மகாவலி அபிவிருத்தித் திட்டத்துக்காக ஊர்கள் இடம்பெயர்ந்த காலம் அது. யுனெஸ்கோவும் டென்மார்க்கின் டானிடா நிறுவனமும் கைகொடுக்க, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் மகாவலி சமுதாய வானொலியைத் தொடங்கியது. அதன் வேலைமுறைதான் எனக்குப் பெரிய அதிசயம். நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு கிராமத்துக்குப் போய்ச் சில நாள் அங்கேயே தங்குவார்கள். ஊர்க்காரர் பேச்சையும் பாட்டையும் சண்டையையும் பதிந்து, அதையே நிகழ்ச்சியாக்குவார்கள். வானொலி என்றாலே மேலிருந்து கீழே பேசுவது என்றிருந்த காலத்தில் இது எவ்வளவு துணிச்சலான காரியம்!

அந்த மகாவலித் திட்டத்தின் கொத்மலை அணை 1985இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 3,000 குடும்பங்களின் வீடும் வயலும் தண்ணீருக்கடியில் போயின. நான்கு வருடம் கழித்து, 1989இல், இந்தப் பள்ளத்தாக்குக்கென்றே கொத்மலை நிலையம் வந்தது. 1998இல் அது செய்த காரியம் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. யுனெஸ்கோ உதவியோடு நிலையத்துக்கு இணைய இணைப்பு வந்தது. கேட்பவர் கடிதத்திலோ தொலைபேசியிலோ கேள்வி அனுப்புவார். அறிவிப்பாளர் நிகழ்ச்சி நடக்கும்போதே இணையத்தில் தேடி, ஆங்கிலத்தில் கிடைத்ததை ஊர்ப் பேச்சில் விளக்குவார். கணினியைக் கண்ணால் பார்க்காதவருக்கும் பதில் கிடைத்தது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினி வைத்தார்கள். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் சமுதாய வானொலி தொடங்கியவர்களுக்கு இது முன்மாதிரியானது.

சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பேசிய நிலையம்தான். ஆனால் சிங்களத்துக்குக் கிடைத்த நேரம் தமிழுக்குக் கிடைக்கவில்லை. சுற்றிலும் தோட்டங்கள் இருக்கும் பள்ளத்தாக்கில் இது சின்னக் குறை இல்லை. கேள்வி கேட்க லயத்திலும் ஆள் உண்டு. கொழுந்துக்கு என்ன விலை, மண்சரிவு வருமா, பிள்ளைக்கு என்ன படிப்பு என்று அவர்களுக்கும் ஆயிரம் கேள்வி.

இறம்பொடைக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில் இறங்கினேன். லயத்து வாசலில், கொய்யா மரத்தில் கம்பி கட்டி இழுத்த பழைய ரேடியோ ஒன்று சன்னல் விளிம்பில் இருந்தது. உடைந்த பித்தானுக்குப் பதிலாகத் தீக்குச்சியைச் செருகியிருந்தார்கள். அந்த வீட்டு அக்கா ப்ளேண்டி எனும் பாலில்லாத தேநீரும் ரொட்டியும் தந்தார். அவர் விரலிடுக்குகளில் கொழுந்துக் கறை கறுப்பாக ஏறியிருந்தது. பேச்சு பாட்டுப் பக்கம் திரும்பியதும், கொழுந்தெடுக்கும்போது அம்மா படிப்பாராம் என்று மெதுவாக ஆரம்பித்து, வெட்கம் போனதும் முழுக் குரலில் படித்தார். பக்கத்துக் காம்பராவிலிருந்து இன்னொருவர் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார்.

"நாங்க படிக்கிறத ரேடியோவுல போடுவாங்களா தம்பி?"

போட்டிருக்க வேண்டும் அக்கா என்றேன். மகாவலி கிராமங்களில் வானொலிக்காரர்கள் வந்து தங்கிய கதையைச் சொன்னேன். இருவரும் கவனமாகக் கேட்டார்கள்.

"அப்ப மாசியில வரச் சொல்லுங்க. காமன் கூத்து விடிய விடிய நடக்கும். தப்புக்காரங்க எல்லாம் இருப்பாங்க. படுக்க கோயிலுக்குப் பின்னால எடமிருக்கு, சாப்பாடு நாங்க குடுத்துருவோம்."