தோரியமும் புக்கிட் மேராவும்

அணு உலை என்று பேச்செடுத்தாலே இப்போது தோரியமும் கூடவே வந்துவிடுகிறது. பொறியியல் படிக்கும் என் அக்கா மகனும் அதைத்தான் சொன்னான். "யுரேனியத்தைவிட இது நல்லது மாமா. நம்ம நாட்டுலயே கிடைக்குது."

கிடைக்கிறதுதான். ஈயம் அலசிய பின் மிஞ்சும் அமாங் மணலில் மோனசைட் இருக்கிறது. அதற்குள் தோரியம். ஆனால், ஈப்போக்காரனான எனக்கு அந்தப் பெயரைக் கேட்டால் புக்கிட் மேராதான் நினைவுக்கு வரும். 1982இல் மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரிக்கும் ஆலை அங்கே ஓடத் தொடங்கியது. வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள்; தோரியம் கழிவாகத் தங்கியது. ஊர்மக்கள் வழக்குப் போட்டார்கள். 1992இல் உயர் நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. மறு ஆண்டே மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. இருந்தும் 1994இல் ஆலை மூடப்பட்டது. கழிவு கிளேடாங் மலைப்பகுதிக்குப் போனது.

"உலையில போட்டா அந்தக் கழிவே எரிபொருள்தானே மாமா?"

பாதி உண்மை. தோரியம் தானாக எரியாது. நியூட்ரானை வாங்கி யுரேனியம்-233 ஆக வேண்டும். அதைத் தொடங்கிவைக்க வேறு அணு எரிபொருள் வேண்டும். கடைசியில் அதற்கும் கழிவு உண்டு.

எந்த உலை சிறந்தது என்று நிபுணர்கள் பேசட்டும். நிலக்கரிப் புகையை நாமும் எத்தனை நாள் சுவாசிப்பது? ஆனால், உலையின் கதை மணலில் தொடங்கி மலையில் முடிகிறது. அந்த இரண்டு இடத்திலும் குடியிருப்பவர்களை முதலில் கேட்க வேண்டும். புக்கிட் மேரா ஆலை 12 ஆண்டுகள்கூட முழுதாக ஓடவில்லை. தோரியம் பாதியாகக் குறையவே 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்.