ஒன்பது ஸ்டோன்

வில்லி பெப்பும் சால்வடோர் சாஞ்செஸும் மோதினால் யார் ஜெயிப்பார்? மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கள்ளுக்கடை வாசலில், இதற்காக ஒருமுறை கைகலப்பே ஆகியிருக்கிறது. ஒருவர் 1940களில் கொடிகட்டிப் பறந்த அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர். மற்றவர் 1982இல், 23 வயதில், கார் விபத்தில் செத்துப்போன மெக்சிகோக்காரர். சந்திக்க வழியே இல்லாத இருவர் என்பதால் பேச்சு ஓயவும் இல்லை.

மூட்டிவிட்டவர் என் பெரியப்பா. துரை பங்களாவில் அவருக்குச் செடிகொடி வேலை. பழைய 'ரிங்' குத்துச்சண்டை இதழ்கள் குப்பைக்குப் போகுமுன் அவர் கைக்கு வந்துவிடும். படம் பார்ப்பது அவர். எழுத்துக் கூட்டிப் படிப்பது நான்.

1975 ஜூலை 1, மெர்டேக்கா அரங்கில் முகமது அலியும் ஜோ பக்னரும் மோதினார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிக்குத் தோதாகக் காலையிலேயே வைத்துவிட்டார்கள். காலை என்றால் பால்வெட்டு நேரம். எங்கள் ஆட்களில் யார் பார்ப்பது? சாயங்காலம் லயமெங்கும் அலி பேச்சுதான். பெரியப்பா மட்டும், "அலி பெரிய ஆளுதான், யாரு இல்லேன்னா? ஆனா அது நம்ம எடை இல்லடா" என்றார். பெப், சாஞ்செஸ் இருவரின் பிரிவான ஃபெதர்வெயிட்டின் உச்ச எடை 126 பவுண்டு. சரியாக ஒன்பது ஸ்டோன், 57 கிலோ சொச்சம். காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளி தொங்க, வழுக்கும் வரப்பில் ஓடிவந்த மனிதர்கள் பெரும்பாலும் அந்த எடைதான்.

எடை என்றதும் பால் ஸ்டோர் ஞாபகம் வருகிறது. பாலின் கெட்டியை அளக்கும் மெட்ரோலாக்கைக் கிராணி பாலில் மிதக்கவிடுவார். கெட்டிப் பாலில் அது ஆழ இறங்கும். தண்ணீர் கலந்திருந்தால் மேலேயே நிற்கும். அவர் கண் அந்தக் கோட்டில், வரிசையில் நிற்பவர்கள் கண் அவர் முகத்தில். குத்துச்சண்டையிலும் இதே தண்ணீர் விவகாரம் உண்டு. பெப் காலத்தில் சண்டையன்று எடை போட்டு, அன்றிரவே கோதாவில் இறக்கினார்கள். இப்போது முந்தின நாளே எடை. தராசைவிட்டு இறங்கியதும் தண்ணீரும் சோறுமாக உடம்பை ஊறவைத்து, மறுநாள் பல பவுண்டு கூடுதலாக வந்து நிற்கிறார்கள். இந்தத் தலைமுறை வீரரை அந்தத் தலைமுறை வீரரோடு மோதவிடுகிறவர்கள் முதலில் எந்த நேரத்து எடை என்று சொல்லட்டும்.

எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் தென்னமரம் தோட்டம். 1917இல் ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்ட இடம். பிறகு எங்கள் கித்தாக் காடும் செம்பனையாயிற்று. மெட்ரோலாக் போய்க் குலைக் கணக்கு வந்தது. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று.

தொண்ணூறுகளில் பையன்கள் நசீம் ஹமீது என்றார்கள். கையைத் தொங்கவிட்டு ஆட்டம் காட்டியவர். 2001இல் பரேரா பாடம் நடத்தி அனுப்பினார். அந்தப் பரேராவை 2003இல் பாக்கியாவ் துவைத்தார். 2018இல் புக்கிட் ஜாலிலுக்கு வந்து மத்தீசேயை ஏழாம் சுற்றில் சாய்த்தபோது பாக்கியாவ் 147 பவுண்டுப் பிரிவில் இருந்தார். நம்ம எடை இல்லை.

சரி, பெப். 1948 அக்டோபர்வரை ஒரே ஒரு தோல்வி, அதுவும் லைட்வெயிட் சாமி ஆங்கட்டிடம். பிறகு சாண்டி சாட்லர் நான்கில் மூன்று முறை அவரை மடக்கினார். பெரியப்பா விடமாட்டார்: 1947 ஜனவரியில் விமானம் விழுந்து பெப்பின் முதுகெலும்பு முறிந்ததே, அதற்கு முந்தைய பெப்பைச் சாட்லர் தொட்டாரா? தொடவில்லை, நியாயம்தான். பெப் ஒரு குத்துகூட விடாமல் ஒரு சுற்றை வென்றார் என்ற கதையையும் சொல்லுவார். அதை நான் நம்பவில்லை.

சாஞ்செஸ் சாவதற்கு மூன்று வாரம் முன்பு, பேர் தெரியாத அசுமா நெல்சனை 15ஆம் சுற்றில் நிறுத்தினார். அந்த நெல்சன் பின்னால் எப்பேர்ப்பட்ட சாம்பியன் என்று உலகம் கண்டது. அதே ஆண்டு நவம்பரில் கொரிய வீரர் டுக் கூ கிம் அடிபட்டு இறக்க, 15 சுற்று 12 ஆகத் தொடங்கியது.

என் தீர்ப்பு இதுதான். சண்டையன்று காலை எடை, விபத்துக்கு முந்தைய பெப். 12 சுற்று என்றால் பெப், புள்ளியில். 15 என்றால் சாஞ்செஸ். பெரியப்பா ஒப்பமாட்டார்.