கடல் இல்லாத ஊரிலிருந்து ஒரு துறைமுகப் பட்டியல்

அலுவலகத்தில் யாராவது பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பினால் எனக்கு ஒரு மெசேஜ் வந்துவிடும். "நீ போயிருக்கேல்ல, பாக்க வேண்டிய இடமா ஒரு பத்து அனுப்பு." என்னிடம் ஒரு கூகுள் ஷீட் இருக்கிறது. லிங்கைத் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

காரைக்குடிக்காரனிடம் துறைமுக நகரங்களுக்கு வழி கேட்பது வேடிக்கைதான். எங்கள் ஊரில் கடல் இல்லை. சொல்லிக்கொள்ளும்படி ஆறும் இல்லை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தேவகோட்டை, திருவாடானை தாண்டித் தொண்டிக்குப் போகவேண்டும். ஆனால் இந்தச் செம்மண் பூமியிலிருந்துதான் நூறு வருஷத்துக்கும் மேலாக ஆட்கள் கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்க்கொண்டே இருந்தார்கள். நகரத்தார் பேச்சில் அதற்குப் பெயர் 'கொண்டுவிக்கப் போறது'.

போன மாதம் ஒரு நண்பனுக்காக அந்த ஷீட்டைத் திறந்தபோது அதில் ஒரு வரி குறைவது உறுத்தியது. அதைச் சேர்க்கலாம் என்று உட்கார்ந்ததுதான் இப்படி நீண்டுவிட்டது.

என் அப்பத்தாவின் அப்பா செட்டியார் இல்லை. செட்டியார் கடைக்குச் சமைக்கப் போனவர். 1938-ல், அப்பத்தாவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனார். மூன்று வருஷத்துக்குப் பேச்சு. மூன்று வருஷம் அங்கே, அப்புறம் கொஞ்ச நாள் ஊர், மறுபடி மூன்று வருஷம். வட்டிக்கடைகளில் மேலாளுக்கும் அடுத்தாளுக்கும் அதுதான் கணக்கு. இவருக்கும் அதையே சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஆன்சைட் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், வீடியோ கால் மட்டும் கிடையாது. வீட்டுப் பெண்களை அழைத்துப் போகும் வழக்கமும் அநேகமாக இல்லை.

மூன்று வருஷம் முடிகிற நேரம், 1941 டிசம்பரில், ஜப்பான் விமானங்கள் ஜார்ஜ் டவுன்மீது குண்டு போட்டன. கடுதாசி நின்றது. பூட்டன் திரும்பி வந்தது 1946-ல். வாசலில் வந்து நின்றவரைப் பார்த்துவிட்டு, பத்து வயது அப்பத்தா உள்ளே ஓடி "யாரோ வந்திருக்காக" என்று சொல்லியிருக்கிறது.

அவர் கொண்டு வந்ததில் ஜப்பான்காரன் அச்சடித்த டாலர் நோட்டு ஒரு கட்டு. பத்து டாலரில் வாழைமரம் போட்டிருக்கும். போர் முடிந்ததும் அதெல்லாம் வெறும் காகிதம். அதில் ஒரு நோட்டு இன்னும் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பேச்சும் குறைந்துபோன ஆளாகத்தான் வந்தாராம். அடுப்படியில் மட்டும் சும்மா இருக்க மாட்டார். "முப்பது பேருக்கு வச்ச கை, நாலு பேருக்கு வைக்கத் தெரியல. எப்பவும் உப்பு கூடத்தான்" என்று அப்பத்தா சொல்லும். பினாங்கைப் பற்றி அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்று. "அங்க அஞ்சடியிலயே நடந்தா மழையில நனையாம ஊரச் சுத்தி வந்துரலாம்."

2019-ல் என்னை இரண்டு வாரம் பினாங்கின் பாயான் லெப்பாசுக்கு அனுப்பினார்கள். விமான நிலையத்தை ஒட்டிய எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்பேட்டை அது. சொன்னதும் அப்பத்தா கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தது. "ஏய்யா, எங்கப்பா சமைச்ச எடத்தப் பாத்துட்டு வா. நனையாம நடக்கலாம்னாரே, அதயும் பாத்துரு."

அந்த ஷீட்டின் முதல் வடிவம் அப்படி வந்ததுதான். நீங்கள் போனால் நான் சொல்வது இந்த வரிசை. பட்டர்வொர்த்திலிருந்து படகில் வந்து இறங்குங்கள், பாலம் வேண்டாம். நேராக மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலைக்கு வாருங்கள். 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான்யின் கோயில், 1801-ல் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய பள்ளிவாசல் மூன்றும் அந்த ஒரே சாலையில். பக்கத்திலேயே குயின் தெருவில் மாரியம்மன் கோயில். சூலியா தெருவுக்குத் திரும்பினால் ஒரு குட்டி நாகூர் தர்கா. சூலியா என்பது தமிழ் முஸ்லிம்களுக்கு அங்கே வழங்கிய பெயர். பசித்தால் நாசி கண்டார். காவடித்தண்டின் இரண்டு பக்கமும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் தெருத் தெருவாக விற்றவர்களால் வந்த பெயர் அது. நாலைந்து குழம்பையும் சேர்த்தே ஊற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது பினாங்குத் தெரு. நகரத்தாரின் கோயில் வீடு இங்கே இருக்கிறது. தைப்பூசத்துக்கு வெள்ளித்தேர் இங்கிருந்துதான் தண்ணீர்மலைக்குக் கிளம்பும். வழியெல்லாம் சீனர்களும் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பார்கள். தேர் போய்ச் சேரும் நகரத்தார் தண்டாயுதபாணி கோயில் 1857-ல் கட்டியது. காலையில் போனால் கூட்டமே இருக்காது.

இதுவரை எந்தப் பயண வழிகாட்டியிலும் கிடைக்கும். எனக்கு வேண்டியிருந்தது ஒரு கிட்டங்கியின் அடுப்படி.

கிட்டங்கி என்றால் சரக்கு அடைக்கும் இடம். ஆனால் இந்தத் துறைமுகங்களில் செட்டியார்கள் இருந்த கிட்டங்கி ஒரு நீளக் கூடம். ஒரே கூடத்தில் பல கடைகள். ஒரு கடை என்பது ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு பாய், அவ்வளவுதான். பகலில் உட்கார்ந்து கணக்கெழுதிய இடத்திலேயே இரவில் படுக்கை. பின்னால் எல்லோருக்கும் சமையல். பூட்டன் இருந்த கடையின் விலாசம் அப்பத்தாவுக்குத் தெரியாது. 'பினாங்குத் தெரு' என்பது மட்டும்தான் தெரியும். இரண்டு சனிக்கிழமை அந்தத் தெருவில் மேலும் கீழும் நடந்தேன். கடைசியில் ஒரு மளிகைக்கடைப் பெரியவர் என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். "சமையக்காரவுக இந்தப் பக்கமா வர மாட்டாங்க தம்பி. பின்சந்துல போய்ப் பாருங்க" என்றார்.

அந்தக் கடைவீடுகள் முன்பக்கம் குறுகல், உள்ளே ரயில்பெட்டி மாதிரி நீளம். நடுவில் வானம் தெரிய ஒரு திறப்பு, கடைசியில் அடுப்படி, அதற்கும் பின்னால் சந்து. சந்தில் சாக்கடை, குழாய்கள், ஏசி பெட்டிகள், ஒரு பூனை. எந்தக் கதவு என்று யாருக்கும் தெரியாது. ஒரு சுவரைப் படம் எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அஞ்சடி என்பது கடைவீடுகளின் முன்னால், மேல்மாடிக்குக் கீழே ஓடும் ஐந்தடி அகல நடைவழி. சிங்கப்பூருக்கு 1822-ல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் எல்லா வீடும் முன்னால் இப்படி இடம் விடவேண்டும் என்று விதி இருந்தது. மலாயா நகரங்களிலும் அதே வழக்கம். மழை எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஊரிலிருந்து போன ஒருவருக்கு, மழைக்காகவே கட்டிய தெருவைப் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும்! நடந்து பார்த்தேன். முதல் கடையில் அரிசி மூட்டை, மூன்றாவதில் வரிசையாக மோட்டார் பைக், அதற்கடுத்து ஒருவர் குறுக்கே கம்பிக்கதவே போட்டிருந்தார். ஒவ்வொரு முறையும் சாலையில் இறங்கி ஏறவேண்டியிருந்தது. விடுதிக்குப் போகும்போது சட்டையைப் பிழியலாம் போல இருந்தது.

பட்டியலில் மற்ற துறைமுகங்களும் உண்டு. கொழும்பில் செட்டியார் தெருவுக்குப் போங்கள். இப்போது நகைக்கடைகள், அங்கேயே பழைய கதிரேசன், புதிய கதிரேசன் கோயில்கள். ஆடிவேல் சமயம் என்றால் இன்னும் நல்லது. சிங்கப்பூரில் டேங்க் ரோட்டில் 1859-ல் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில். மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளை நகரச் சீரமைப்பில் இடித்துவிட்டார்கள். அங்கே அண்ணாந்து பார்த்தால் வங்கிக் கோபுரங்கள்தான். அதே தெரு, அதே தொழில் என்று சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம்.

நான் விட்டிருந்த வரி இதற்கப்புறம்தான் வரவேண்டும்.

ஜார்ஜ் டவுன் 2008-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் இருந்து அதன் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஒரே கயிற்றின் இரண்டு முனைகள் இவை, ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிதான். அதனால் அங்கே போகிறவர்கள் கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் வரவேண்டும். முன்னாலோ பின்னாலோ, உங்கள் வசதி. பெரிய வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் காட்டுவார்கள். எல்லாமே கப்பலில் வந்தவை. அவற்றை வாங்கிய காசு எப்படி வந்தது என்பது அநேகமாகச் சுற்றிக்காட்டலில் வராது. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938-ல் அது 25 சதவீதம். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை விழுந்தது, கடனைக் கட்ட முடியாத விவசாயியின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. நிலத்தைப் பிடுங்கத் திட்டம் போட்டார்கள் என்று சொல்லமாட்டேன். அவர்களுக்கும் வேண்டியிருந்தது ரொக்கம்தான். ஆனால் நிலம் போனவனுக்கு அது சமாதானம் ஆகாது. பின்னால் பர்மாவில் இந்தியர்கள்மேல் விழுந்த வெறுப்பில் இதற்கும் பங்குண்டு. காரைக்குடியில் ஒரு பர்மா காலனி இருக்கிறது. தூண்களைப் பார்க்கும் நாளிலேயே அந்தப் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள்.

பினாங்கிலிருந்து வந்த மாதம் அப்பத்தாவை ஆத்தங்குடிப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனேன். இத்தனை வருஷம் இங்கேயே வாழ்ந்தும் அப்படி ஒரு வீட்டின் முன்வாசல் வழியாக அது நுழைந்ததில்லை. முகப்பில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டது. கீழேயே விடலாம் என்று சொல்லி வாங்கி வைத்தேன். பட்டாலையின் பளிங்கை ஓரமாகவே நடந்து கடந்தது. வளவில் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழும்படி வைத்திருந்ததை மட்டும் நின்று பார்த்தது. பின்கட்டு பூட்டியிருந்தது. காவல்காரரிடம் கேட்டதும் திறந்துவிட்டார். கரி படிந்த சுவர், வரிசையாக அடுப்புகள், இடுப்புயர ஆட்டுக்கல், கவிழ்த்து வைத்த அண்டாக்கள்.

அப்பத்தா அடுப்புகளைத் தொட்டு எண்ணியது. "முப்பது பேருக்கு இது போதும்" என்றது.

போனில் அந்தச் சந்துப் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நனைஞ்சியா?" என்று கேட்டது.

"நனைஞ்சேன் அப்பத்தா."

"அப்ப எங்கப்பா சொன்னது பொய்யா?"

"அப்போல்லாம் மோட்டார் பைக் கிடையாதுல்ல."

"அதச் சொல்லு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தது.

அப்பத்தா இப்போது இல்லை. அந்த உரையாடலில் நான் சொன்னது உண்மையா, சமாளிப்பா என்று எனக்கே தெரியவில்லை. 1938-லும் கடைக்காரர்கள் அஞ்சடியில் மூட்டை அடுக்கியிருப்பார்கள். சமையல்காரர் நனையாமல் நடந்தது எத்தனை நாளோ. ஊருக்குச் சொல்ல ஒரு நல்ல விஷயம் வேண்டியிருந்திருக்கும், அவ்வளவுதான்.

ஷீட்டில் பதினோராவது வரியாக இப்படிச் சேர்த்திருக்கிறேன்: 'எந்த வீட்டுக்குப் போனாலும், இங்கேயோ அங்கேயோ, பின்பக்கம் திறந்துவிட முடியுமா என்று ஒருமுறை கேளுங்கள். மழை வந்தால் அஞ்சடியில் நடங்கள். கையில் குடை இருக்கட்டும்.'