ஒரு லட்சம் சுற்று

பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே டர்போவின் சாஃப்டைப் பிடித்துப் பட்டறை அண்ணன் மேலும் கீழும் ஆட்டினார். என் கண்ணுக்கு அது அசையவே இல்லை. “புஷ் போயிருச்சுங்க,” என்றார்.

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகும் சாலையில் டர்போ மட்டுமே பார்க்கும் பட்டறை அது. ஓலைப்பாயை விடக் கொஞ்சம் அகலமான மேசை. அதன்மேல் துணி விரித்து, பிரித்த பாகங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். வாசலில் கரி, கிரீஸ், டீ கிளாஸ் என்று எல்லாம் கிடந்தாலும் அந்தத் துணியில் மட்டும் ஒரு தூசி இல்லை. பக்கத்தில் போன என்னை, “தள்ளி நின்னு பேசுங்க” என்றான் பேலன்சிங் மிஷினில் இருந்த பையன். எச்சில் தெறிக்குமாம்.

அவன் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. லாரி எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றை ஒட்டி ஓடும்போது, அதன் டர்போ ஒரு லட்சம் சுற்றைத் தொடும். சைலன்சருக்குப் போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே சாஃப்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சாஃப்ட் உட்கார்ந்திருப்பது இரும்பின் மேல் அல்ல, மயிரிழையை விட மெல்லிய ஆயில் படலத்தின் மேல். ஒரு பக்கம் கடுகளவு எடை கூடினாலும் எல்லாம் ஒன்றோடொன்று உரசித் தீய்ந்துவிடும். பையன் சக்கரத்தைச் சுற்றவிட்டு, நிறுத்தி, ஓரிடத்தில் கிரைண்டரைத் தொட்டும் தொடாமலும் எடுத்து, மறுபடி சுற்றவிட்டான். முக்கால் மணி நேரம் இதே வேலை.

“பாதி டர்போவைச் சாப்பாட்டுக் கடையிலதாங்க கொல்றாங்க,” என்றார் அண்ணன். முழு லோடோடு மேடேறி வந்த டிரைவர், பசியில் சட்டென்று சாவியைத் திருப்பிவிடுகிறார். எஞ்சின் நின்றால் ஆயில் வரத்தும் நின்றுவிடும். சாஃப்டோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும், சூடும் தணிந்திருக்காது. உள்ளே நின்ற ஆயில் கருகி அடை பிடிக்கும். ஒரு நிமிடம் ஸ்லோவில் ஓடவிட்டு அணைத்தால் தீர்ந்தது. இதைக் கேட்டதும் என் காரை நினைத்துக்கொண்டேன், வாய் திறக்கவில்லை.

அப்போதுதான் ஜீப்பில் ஓர் இளைஞர் வந்தார். பெட்ரோல் எஞ்சின். சூப்பர்சார்ஜர் வைத்துத் தர முடியுமா என்று கேட்டார். போனில் படம் காட்டினார். பானெட்டைக் கிழித்துக்கொண்டு மேலே நிற்கும் அந்த வெள்ளிப் பெட்டி. 1979இல் வந்த ‘மேட் மேக்ஸ்’ படத்தின் கறுப்புக் கார் உலகெங்கும் இப்படி எத்தனையோ பேரைக் கெடுத்திருக்கிறது. அந்தக் காரின் பெட்டி வெறும் ஜோடனை என்பது தனிக் கதை. இன்னொரு வேடிக்கையும் உண்டு: அமெரிக்கப் பந்தயக்காரர்கள் ஆரம்பத்தில் இந்தப் பெட்டிகளைக் கழற்றியதே லாரி, பஸ் டீசல் எஞ்சின்களிலிருந்துதான்.

அண்ணன் சிரிக்கவில்லை. “தம்பி, இங்க வாங்க” என்று வெளியே கூட்டிப்போனார். போர்வெல் ரிக் ஒன்று நின்றது. அதன் எஞ்சினில் மாட்டத்தான் மேசையில் பிரித்து வைத்திருந்த அந்த டர்போ. கம்ப்ரசரைத் தட்டிக் காட்டினார். “இதுக்குள்ள ரெண்டு ஸ்க்ரூ பின்னிக்கிட்டுச் சுத்துது. நீங்க கேக்கறதுக்கு இது அண்ணன் தம்பி முறை. இதைச் சுத்த எஞ்சின் எவ்வளவு டீசல் குடிக்குதுன்னு இவரைக் கேளுங்க.”

ரிக் டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அண்ணன் சொன்னது சரிதான். இரட்டை ஸ்க்ரூ சூப்பர்சார்ஜரை உருவாக்கியவர் ஸ்வீடன் நாட்டு லிஷோல்ம். அதே குடும்பத்து இயந்திரம்தான் ரிக்குகளின் மேல் ஏறித் திருச்செங்கோட்டில் தெருவுக்குத் தெரு நிற்கிறது. சூப்பர்சார்ஜரைப் பெல்ட் வழியாக எஞ்சினே சுழற்றுவதால், மிதித்த கணமே காற்று வரும், தாமதம் கிடையாது. ஆனால் அந்தக் காற்றுக்கு எஞ்சின் தன் கையிலிருந்து கொடுக்கிறது. டர்போவின் கூலி புகையோடு போகிற வெப்பத்திலிருந்து வருகிறது. ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃப்ரெட் பூகி 1905இல் காப்புரிமை பெற்றது இந்த யோசனைக்குத்தான். முழுக்க இலவசம் என்றும் சொல்ல முடியாது. புகையின் வழியில் ஒரு தடை, மிதித்ததும் சற்றே மந்தம். டீசல் கணக்குப் பார்ப்பவர்களுக்கு அந்த மந்தம் ஒரு பொருட்டே இல்லை.

“அப்ப டர்போவே வெச்சிருங்கண்ணா.”

“காத்த மட்டும் ஏத்துனா ஆச்சுங்களா? அதுக்குத் தக்க பெட்ரோல் வேணும். உங்க பிஸ்டன் தாங்கோணும். இல்லீன்னா நாக்கிங் வந்து ஓட்டை விழுந்துரும். ஆர்டிஓகிட்ட வேற யாரு பதில் சொல்றது?”

வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவைத்தான் அவர் பாணியில் சொல்கிறார். இளைஞர் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, ஜீப்பின் பானெட்டைத் திறக்கச் சொன்னார். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினார். அரைக்கைப்பிடி செம்மண் கொட்டியது. “மொதல்ல இது மூச்சு விடட்டும்.”

பிறகு எங்களை மறந்துவிட்டார். ரிக் எஞ்சினில் டர்போவை ஏற்றி, ஆயில் துவாரத்தில் தன் கையாலேயே ஆயில் ஊற்றி, சாஃப்டை விரலால் சுழற்றினார். டீசலைத் தடுத்து வைத்து இரண்டு முறை வெறும் கிராங்க். அப்புறம்தான் உயிர் கொடுத்தார். டிரைவர் ஆக்சிலரேட்டரை நோக்கிக் கை நீட்டியபோது, “விடுங்க” என்று ஒரே சொல். டிரைவருக்கு அவசரம், நாளை மறுநாள் நாக்பூர் பக்கம் பைப் இறக்கவேண்டும். மெல்லிய விசில் ஒன்று எழுந்தது. தலையைச் சாய்த்து, பேலன்சிங் பையனையும் கையசைத்துக் கூப்பிட்டு, இருவரும் அதையே கேட்டுக்கொண்டு நின்றார்கள்.