எண் நிற்கிற இடம்

நீலகிரியில் அரவேணுவுக்குக் கீழே சரிவில் ஒரு சிறு தேயிலைத் தோட்டம். தை மாதக் குளிரில் விரல் சுருங்கி, கொழுந்து பறிக்கும்போது அரைப் பவுன் மோதிரம் கழன்று விழுந்து மூன்று நாள் ஆகிறது. தொலைத்தவர் தோட்டக்காரரின் மனைவி. தேட வந்தவர் ராணுவத்தில் கண்ணிவெடி தேடும் வேலை பார்த்து ஓய்வுபெற்று, கோத்தகிரியில் குடியிருப்பவர். வேடிக்கை பார்க்கப் போன எனக்குத்தான் முதல் திட்டு விழுந்தது.

"தம்பி, போனை அணைச்சுட்டுத் தள்ளி நில்லுங்க. அது வேற கூடச் சேர்ந்து கத்துது."

அவர் உலோக டிடெக்டரைத் தரைக்குக் கொண்டுபோனதுமே திரையில் எண்கள் குதித்தன. 12, 47, 81, மறுபடி 9. அங்கே உலோகம் எதுவும் இல்லை. மண்தான் பேசுகிறது என்றார். பாலிதீன் பையில் சுற்றிய காந்தத்தைக் காய்ந்த மண்ணில் புரட்டி எடுத்தார். கரும்பொடி மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

நீலகிரியின் அடிப்பாறை சார்னோக்கைட். சென்னைப் பரங்கிமலையும் அதே பாறைதான். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தார். இந்தப் பாறையில் காந்தத்தில் ஒட்டும் மேக்னடைட் துணுக்குகள் உண்டு. பாறை மட்கி, மழை சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போன பிறகு இரும்பும் அலுமினியமும் தங்கிய செம்மண் மிஞ்சுகிறது. தேயிலைக்கு உகந்த மண், டிடெக்டருக்குத் தலைவலி.

டிடெக்டரின் கம்பிச்சுருளான காயில் வெளியிடும் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருப்பதால், எதிர்ப்படும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அந்த மின்னோட்டத்தின் பதில் எவ்வளவு பிந்தி வருகிறது என்பதுதான் திரையில் எண்ணாகத் தெரிகிறது. மண்ணிலுள்ள இரும்பும் பதில் சொன்னால் இரண்டும் கலந்து எண் தள்ளாடும். அதனால் சுத்தமான ஓரிடத்தில் காயிலைத் தரையருகே இறக்கி, ஓர் அடி தூக்கி, மறுபடி இறக்கி, ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓசை ஒன்றாகும்வரை மண்ணுக்குச் சரிக்கட்டினார். அடுத்ததாக உணர்திறனைப் பாதியாகக் குறைத்தார். எனக்கு அது தலைகீழாகப் பட்டது.

"மூணு நாள் முன்னாடி விழுந்தது எவ்வளவு ஆழம் போயிருக்கும்? சருகுக்குள்ளதான் கிடக்கும். காதை ரொம்பத் தீட்டிக்கிட்டா ஊர்ச்சத்தமெல்லாம் கேக்கும்."

என்னிடமும் கொடுத்துப் பார்த்தார். வீச்சின் இரு முனையிலும் என் கை தானாக மேலே தூக்கியது. "ஊஞ்சலா ஆட்டுறீங்க? இஸ்திரி போடுற மாதிரி மட்டமா இழுங்க." உயரம் மாறினால் எண்ணும் மாறிவிடுகிறது. செடிகளின் தூரில் காயில் இடித்தாலும் அதே கதைதான். கவாத்து செய்த தோட்டமாக இருந்தால் பாதி வேலை மிச்சம்.

முதல் சத்தம் 52. குறுக்கே இழுத்தார், 52. தொண்ணூறு பாகை சுற்றி வந்து மறுபடி இழுத்தார், 51. இரண்டு திசையிலும் எண் நின்றது. தோண்டினால் மடங்கிய மாத்திரை அட்டை. எண் நின்றதாலேயே தங்கம் என்றாகிவிடாது. சின்ன மோதிரமும் அலுமினியத் தாளும் பல கருவிகளில் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆனால் ஒரு திசையில் 60, மறு திசையில் 14 என்று தாவினால் பெரும்பாலும் இரும்பு. அப்படித் தாவிய ஓர் இடத்தில் முறிந்த கத்தரி அலகு கிடைத்தது. என் பையிலிருந்த ஒரு ரூபாயைப் போட்டுப் பார்த்தோம், அதுவும் தாவியது. இப்போதைய ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் எஃகு.

இந்தக் கருவியைக் கேள்விப்பட்டு, பழைய கல்வட்டங்களில் புதையல் தேடக் கூப்பிட்டவர்களும் உண்டாம். 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். "நகை தேட வருவேன், ஜெயிலுக்கு வரமாட்டேன்னுட்டேன்."

நாலாவது வரிசையில் 68 வந்து அசையாமல் நின்றது. "தங்கம் இல்லம்மா, வேற ஏதோ," என்றபடி விரலால் மண்ணைக் கிளறினார். கறுத்துப்போன வெள்ளி மெட்டி.

அந்த அம்மா அதைச் சேலையில் துடைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணா, இது எங்க அத்தையோடது. நான் எடுத்துட்டேன்னு சாகறவரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க."

அதற்குள் மேகம் இறங்கி எதிர்ச்செடியே தெரியவில்லை. நிறுத்திய இடம் தெரிய ஒரு கந்தைத் துணியைச் செடியில் கட்டிவிட்டு மேலேறினோம். மோதிரத்துக்கு இன்னும் ஆறு வரிசை பாக்கி.