நான்கு கல் தொலைவு

திரைப்படத்தைப் பற்றிக் கருத்துரைக்கத் தயங்குவோர் நம்மவருள் மிகச் சிலரே. நூலைப் பற்றிக் கேட்டால் ஒதுங்கிக்கொள்பவரும் படத்தைப் பற்றிக் கேட்டால் முன்வந்து பேசுவார். அவ்வாறு பேசுவோருள் ஒருவர், மலாயாத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே கிராணியாகப் பணியாற்றிய பெரியவர். வயது எழுபத்தைந்தைக் கடந்தவர். வரலாறு, புராணம், மர்மம், நகைச்சுவை, அடிதடி எனப் படங்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் தமக்கென ஒரு தீர்ப்பும் வைத்திருப்பவர்.

அத்தீர்ப்புகள் பிறந்த இடம் திரையரங்கன்று. வீடு திரும்பும் வழியே ஆகும். சிறுவராக இருந்தபோது, சம்பளம் போட்ட வாரத்தில் தந்தையார் அவரைப் பட்டணத்துக்குப் படம் பார்க்க அழைத்துச் செல்வார். படம் முடியும் வேளையில் பேருந்து இராது. இரப்பர் மரங்களின் நடுவே செம்மண் சாலையில் நான்கு கல் தொலைவு நடந்தாக வேண்டும். மரம் சீவிப் பிழைத்த அத்தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் நடக்கத் தொடங்கியதும், “உனக்கு எது புடிச்சது?” என்று கேட்பார். “ஏன் புடிச்சது?” என்பது அடுத்த கேள்வி. லயத்து விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் வரை பேச்சு ஓயாது.

1959 ஆம் ஆண்டு வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தைக் கண்டு திரும்பிய இரவில் சிறுவரின் கால்கள் தரையில் பாவவில்லை. மூங்கில் குச்சியை வாளாக ஏந்தி, சிவாஜி கணேசனைப் போலவே முழங்கிக்கொண்டு நடந்தார். சக்தி கிருஷ்ணசாமியின் உரையாடல் அவருக்குத் தமிழின் மிடுக்கை முதன்முதலில் உணர்த்தியது. தந்தையார் கேட்டுக்கொண்டே வந்து, “வெள்ளைக்காரன்கிட்ட அவர் இப்படித்தான் பேசினார்னு பக்கத்துல நின்னு எழுதி வெச்சது யாருப்பா?” என்றார். சிறுவரிடம் விடையில்லை. கயத்தாற்றில் 1799 ஆம் ஆண்டு ஒருவர் தூக்கிலிடப்பட்டார் என்பது வரலாறு. அவர் வாயில் வைத்த சொற்கள் எழுத்தாளருடையவை. வரலாற்றுப் படம் பெருமிதத்தைத் தரும், வரலாற்றை நூலில்தான் தேட வேண்டும் என்பது பெரியவரின் முதல் தீர்ப்பு.

புராணப் படங்களை அவர் இகழ்வதில்லை. ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ 1965 ஆம் ஆண்டு வெளிவந்தது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டைப் பற்றிய வழக்கு, ஏட்டையே கண்டிராத தோட்ட மக்களின் நாவில் புழங்கியது அப்படத்தால் அன்றோ! தருமியாக வந்த நாகேஷைக் கண்டு அரங்கம் சிரித்தது. தந்தையார் மனத்தில் நின்றவரோ நக்கீரர். “சாமியே வந்தாலும் தப்புன்னா தப்புதான்” என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். பால் நிறுக்கும் கொட்டகையில் எடை குறைத்து எழுதப்பட்டபோதெல்லாம் வாய் திறவாது நின்றவர் அவர். அன்றிரவு அவர் நடையில் ஒரு நிமிர்வு இருந்தது. பின்னாளில் மகன் கிராணியாகித் தராசருகே நின்றபோது அந்த நடையை மறக்கவில்லை.

மர்மப் படங்களுள் அவர் போற்றுவது எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’. 1954 ஆம் ஆண்டு வந்த அப்படத்தில் பாட்டே இல்லை. சில ஆண்டுகள் கழித்துப் பக்கத்துத் தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டி அதைக் காட்டினார்கள். பாட்டு எங்கே என்று கூச்சலிட்டுப் பலர் எழுந்து போயினர். தந்தையும் மகனும் இருந்து பார்த்தனர். ஒரே கொலையைப் பலர் பலவாறு கூறுவதைக் கேட்ட பின்னர், எவர்மீதும் எளிதில் குற்றம் சுமத்த அவருக்குக் கை எழவில்லை.

நகைச்சுவையே அனைத்தினும் அரியது என்பார். ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் கதை சொல்ல, பாலையா நடுங்கும் காட்சியில் எவரும் புண்படவில்லை. கருநிறத்தையும் திக்குவாயையும் காட்டிச் சிரிக்க வைக்கும் படங்களை அவர் நகைச்சுவைப் படங்கள் என்றே ஒப்புவதில்லை.

அடிதடிப் படங்களுக்கு மட்டும் அவர் அளித்த தீர்ப்பு பார்க்காமலே அளித்தது. அவை பிள்ளைகளைக் கெடுப்பவை, அவ்வளவே. தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட பின் குடும்பம் பட்டணத்து ஓரத்தில் குடியேறியிருந்தது. பதினான்கு வயது மகன், நண்பன் வீட்டில் வீடியோ நாடாவில் அத்தகைய படம் பார்த்ததாகச் செய்தி வந்தது. பெரியவர் ரோத்தானை எடுத்தார். எந்தப் படம், அதில் எது பிடித்தது என்று கேட்கவில்லை. அன்று முதல் மகன் படத்தைப் பற்றி அவரிடம் பேசியதில்லை. பிறவற்றைப் பற்றியும் பேச்சு குறைந்து போயிற்று.

2015 ஆம் ஆண்டு ‘ஜகாட்’ திரைக்கு வந்தது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய மலேசியத் தமிழ்ப் படம் அது. ‘ஜாஹாட்’ என்னும் மலாய்ச் சொல் நம்மவர் வாயில் மருவியதே அப்பெயர். கெட்டவன் என்பது பொருள். மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது. வயது முதிர்ந்த மகன், ஏனோ தந்தையை அதற்கு அழைத்துச் சென்றார். தோட்டத்தைவிட்டு வந்த குடும்பம். படிப்பே கதி என்று நம்பும் தந்தை. அத்தந்தையின் அடிக்கு அஞ்சி விலகி, குண்டர் கும்பலின்பால் ஈர்க்கப்படும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். வாழ்நாளெல்லாம் பிற மண்ணின் கதைகளைக் கண்டவர், தம் வீட்டைத் திரையில் கண்டார். அது அடிதடியும் உள்ள படந்தான்.

திரும்பும் வழியில் காரில் இருவரும் பேசவில்லை. வாயிற்கதவருகே வண்டியை நிறுத்திய மகன், “படம் எப்படிப்பா இருந்திச்சு?” என்றார். எல்லாப் படத்துக்கும் தீர்ப்பு வைத்திருந்தவருக்குச் சொல் எழவில்லை. நெடுநேரம் கழித்து, “அன்னிக்கு நானும் உன்கிட்ட இதைக் கேட்டிருக்கணும்” என்றார். காரின் விளக்கு அணைந்த பின்னும் இருவரும் உள்ளேயே அமர்ந்து பேசிக்கொண்டிருந்தனர்.

படங்களை வகை பிரிக்கும் பழக்கத்தைப் பெரியவர் இன்னும் விடவில்லை. ஆயினும் கெட்ட படம் எது என்று கேட்டால், பார்த்த பிள்ளையோடு பேச ஆளில்லாத படம் என்கிறார். பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்று கண்காணிக்கும் பெற்றோரும் ஆசிரியரும் உளர்; பார்த்ததைச் சொல்லச் செய்து கேட்போர் குறைவு. எழுத்தறியாத ஒரு தொழிலாளி, பகலெல்லாம் உழைத்த கால்களோடு, இருட்டில் நடந்துகொண்டே அதனைச் செய்தார்.

இன்று பேரன் கைப்பேசியில் படம் பார்க்கிறான். நடக்க நான்கு கல் தொலைவு இல்லை. படம் முடியும் வரை பெரியவர் அருகில் காத்திருக்கிறார். பின்னர், தம் தந்தையின் குரலிலேயே, “ஏன் புடிச்சது?” என்று கேட்கிறார்.