சின்னக் குழி, பெரிய குழி

அரிசோனாவில், ஃபீனிக்ஸ் நகரத்தைத் தாண்டிப் பாலைவன ஓரமாக இருக்கும் ஒரு தகரக் கொட்டகை. சுடும் பயிற்சித் திடல்களில் உதிர்ந்து கிடக்கும் பித்தளைக் கூடுகளை எடைக்கு வாங்கி, கழுவி, மறுபடி தோட்டாவாக்கி விற்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே செய்துகொள்பவர்களும் இங்கே ஏராளம். அதற்கு லைசென்ஸ் கேட்பதில்லை. விற்பதென்றால் மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும்.

அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம்தான் கூடுகளைப் பிரிக்கும் மேஜை இருக்கிறது. எல்லாம் .45 ஏ.சி.பி. ரகம். துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் உருவாக்கியது. 1911 என்ற கைத்துப்பாக்கியோடு அமெரிக்க ராணுவத்துக்குள் போனது. அடிப்பாகம் மேலே தெரிய, தட்டின் துளைகளில் கூடுகளைக் கவிழ்த்து வைக்கிறார். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வட்டம்: சுடும்போது மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர். பெரியது சுமார் 5.3 மில்லிமீட்டர், சின்னது 4.4. எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தன. அவர் விரலால் ஒன்றைத் தொட்டுக் காட்டிய பிறகுதான், பெரிய பொட்டுக்காரர்கள் நடுவே சின்னப் பொட்டு வைத்தவர் போல அது தனித்துத் தெரிந்தது.

இந்த ரகத்துக்கு வெகுகாலம் பெரிய ப்ரைமர்தான். வழக்கமான ப்ரைமர் மருந்தில் ஈயம் உண்டு; நான்கு சுவருக்குள் சுடும்போது அந்தப் புகை நெஞ்சுக்குள் போகும். ஈயமில்லாத ப்ரைமர் வந்தபோது சில கம்பெனிகள் அது உட்காரும் குழியைச் சின்னதாக்கின. இப்போது சாதாரண ப்ரைமர் வைத்த தோட்டாவிலும் சின்னக் குழி வருகிறது. அங்கே சுடுபவரின் மூச்சுக்காகச் செய்த திருத்தம், இங்கே இந்த அம்மாவின் கண்ணுக்கு வேலை வைத்துவிட்டது. ஈயத் தூசும் அவரை விட்டபாடில்லை. அதனால்தான் கூடுகளை ஈரத்திலேயே போட்டு உருட்டிக் கழுவுகிறார்கள். கொட்டகைக்குள் காபிக் கோப்பைக்கு அனுமதி இல்லை.

மேஜையில் தப்பியது அடுத்து, தோட்டா கட்டும் பிரெஸ்ஸில் மாட்டும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒவ்வொரு கூடும் ஒரு கட்டம் நகரும்: பழைய ப்ரைமர் வெளியே, புதியது உள்ளே, பிறகு மருந்து, பிறகு குண்டு. பெரிய ப்ரைமர் ஏற்றிய பிரெஸ்ஸில் சின்னக் குழி வந்தால் கைப்பிடி பாதியில் நிற்கும். "அங்கேதான் புதுப் பையன்கள் பலத்தைக் காட்டுவார்கள்" என்றார் பிரெஸ்ஸை ஓட்டுபவர். ஓரம் நசுங்கி மடிந்த ஒரு ப்ரைமரைக் காட்டினார். அது வெடிக்காமல் போனது அதிர்ஷ்டம். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யாரையும் அந்த ஸ்டூலில் அவர் உட்காரவிடுவதில்லை. இதுவே தலைகீழாக மாறி வந்தால் சத்தமே இருக்காது: சின்ன ப்ரைமர் பெரிய குழியில் நிற்காமல் கழன்று விழும், பின்னாலேயே மருந்தும் கொட்டும்.

சின்னக் குழிக் கூடுகள் தனி வாளிக்குப் போகின்றன. அவற்றுக்காக பிரெஸ்ஸின் ப்ரைமர் பாகங்களை மாற்ற வேண்டும்; ஆகவே வாளி நிறையும்வரை யாரும் அதைத் தொடுவதில்லை. 2020இல் தொடங்கிய ப்ரைமர் தட்டுப்பாட்டில் பெரியது கிடைக்காத சமயம், கடை ஓடியது அந்த வாளியால்தானாம்.

"அப்போது மட்டும் ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை" என்றார் அந்த அம்மா, அடுத்த தட்டை இழுத்துக்கொண்டே.